சாக்லேட்டுக்குத் தண்ணி ஆகாது!



போன மாதம் தம்பி பிறந்தநாளுக்குக் குக்கரில் கேக் செய்தோம். மேலே ரோஸ் கலரில் சாக்லேட் ஐசிங் வேண்டும் என்று ஒரே அடம். என் உண்டியல் காசில் 200 கிராம் வெள்ளை சாக்லேட் வாங்கி உருக்கினேன். அழகாக உருகி வந்தது. கலருக்காக ஒரு ஸ்பூன் பீட்ரூட் சாறு விட்டேன். அவ்வளவுதான்! கிண்டக் கிண்டப் புட்டு மாவு மாதிரி திரிதிரியாகப் போய்விட்டது. தம்பி அழ ஆரம்பித்தான். “காசெல்லாம் போச்சே”ன்னு அம்மா திட்டினாங்க.

பாட்டிதான், “கெட்டியாப் போனா சூடா பால் விட்டு இளக்குடி” என்றார். ஸ்பூன் ஸ்பூனாகச் சூடான பால் விட்டுக் கிண்டினேன். என்ன அதிசயம்! ரோஸ் கலர் குழம்பாக மாறியது. உறையவில்லை என்றாலும் கேக்கின் மேல் ஊற்றிச் சாப்பிட்டோம்.

ஏன் இப்படி ஆச்சு என்று மறுநாள் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவர் சொன்ன விளக்கம்:

வெள்ளை சாக்லேட்டில் கோகோ தூள் கிடையாது. கோகோ வெண்ணெய், சர்க்கரை, பால் தூள்தான். விலை குறைந்ததில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். உருகிய கொழுப்பில் சர்க்கரை பொடிப்பொடியாக மிதக்கிறது. சர்க்கரை டப்பாவில் ஈரக் கரண்டி போட்டால் கட்டிகட்டியாகுமே, அதேதான் இங்கேயும். கொஞ்சம் தண்ணீர் பட்டதும் சர்க்கரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நிறைய சேர்த்தால் கரைந்து குழம்பாகிவிடும்.

அப்போ கலருக்கு என்ன செய்வது? எண்ணெயில் கரையும் கலர் வேண்டும். பீட்ரூட் நிறம் தண்ணீரில்தான் கரையும். மஞ்சள் நிறம் எண்ணெயில் நன்றாகக் கரையும். தாளிக்கும்போது எண்ணெய் மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்களே!

மஞ்சள் ஐசிங் செய்முறை

1. 2 டீஸ்பூன் தேங்காய் எண்ணெயை இளஞ்சூடாக்கி, 2 சிட்டிகை மஞ்சள்தூள் கலந்து வடிகட்டவும்.
2. அடுப்பில் தண்ணீர் கொதித்ததும் தீயை அணைத்து, அதன் மேல் ஒரு கிண்ணம் வைத்து 200 கிராம் வெள்ளை சாக்லேட்டை உருக்கவும். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது.
3. மஞ்சள் எண்ணெயை ஊற்றிக் கலக்கவும்.
4. ஆறிய கேக்கின் மேல் ஊற்றவும். கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் வெயில் நாளில் ஃபிரிட்ஜில் வைத்தால்தான் உறையும்.

கவனிக்க: கிண்ணம், கரண்டி எல்லாம் ஈரமில்லாமல் துடைத்திருக்க வேண்டும். ஆவித் தண்ணீர் சொட்டினாலும் கெட்டுவிடும்.

கடையில் கலர் வாங்கினால், அது சாப்பாட்டுக் கலர்தானா, பாக்கெட்டில் உணவு உரிம எண் இருக்கிறதா, எண்ணெயில் கரையுமா என்று பார்த்து வாங்குங்கள். 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால்தான் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை போட்டார்கள்.

அடுத்த பிறந்தநாளுக்கு மஞ்சள் கேக்தான் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். நீங்களும் செய்து பாருங்கள். ஆனால் கரண்டியைத் துடைத்துவிட்டு!

— 9-ஆம் வகுப்பு மாணவி