பழைய அம்பாஸிடருக்குப் புதிய பிரேக் குழாய்

ஹௌராவிலிருந்து பர்த்வான் செல்லும் லோக்கல் வண்டி உத்தர்பாராவை அடுத்து நிற்கும் நிலையத்தின் பெயர் ஹிந்த் மோட்டார். அம்பாஸிடர் கார் பிறந்த இடம் அதுவே. 2014-இல் அங்கே உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும் அவ்வண்டியை வீட்டு மனிதரைப்போலப் பேணி வரும் குடும்பங்கள் நம் சங்கத்தில் சில உண்டு. அவர்கள் பொருட்டே இதை எழுதலானோம்.

லேக் மார்க்கெட் பக்கம் வசிக்கும் அன்பர் ஒருவரிடம் 1960-களில் செய்யப்பட்ட மார்க்-2 வண்டி இருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகையில், பிரேக்கை மிதித்த கால் தரைவரை இறங்கிவிட்டது. கைப்பிரேக்கை இழுத்து, நடைபாதையோரம் சக்கரத்தை உரசி, ஒருவாறு நிறுத்தினார். பின் அச்சின்மேல் செல்லும் குழாயில் ஊசித் துளை! கிளிப் பிடித்திருந்த இடத்தில் மழைச் சேறு தங்கித் துரு அரித்திருக்கிறது.

ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் நான்கு சக்கரமுமா கைவிடும்? ரயில்வேயில் காலந்தள்ளும் நமக்கு இது வியப்பாகவே இருந்தது. ரயிலில் குழாய்க்குள் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ காற்றழுத்தம் உள்ளவரைதான் பிரேக் விலகி நிற்கும். குழாய் அறுந்தால் வண்டி தானே நின்றுவிடும். பழைய மோட்டாரிலோ நேர் எதிர். காலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குச் சுமந்து செல்வது எண்ணெய். நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்று. எண்ணெய் வழிந்துவிட்டால் மிஞ்சுவது கைப்பிரேக் ஒன்றே. பிற்கால வண்டிகளில் சுற்றை இரண்டாகப் பிரித்தது இதனால்தான்.

முதலில் போன பட்டறையில், அரித்த அரையடியை வெட்டிவிட்டுக் குளிர்பெட்டிச் செம்புக் குழாயை வைத்து ஒட்டித் தருவதாகச் சொன்னார்கள். தனிச் செம்பு வண்டியின் அதிர்வில் நாளடைவில் இறுகி வெடிக்கும் என்பதை அவர்கள் சொல்லவில்லை. “குழந்தை ஏறுகிற வண்டிக்கு ஒட்டு வேண்டாம்” என்று அன்பரின் மனைவியார் முடித்துவிட்டார். ஒரு குழாய் அரித்திருந்தால் அதே வயதுடைய மற்றவை மட்டும் எத்தனை நாள் தாங்கும்?

மல்லிக் பஜாரிலிருந்து வந்த முதிய மிஸ்திரி வேலை செய்ததை இரண்டு ஞாயிற்றுக்கிழமை அருகிருந்து பார்த்தோம். பழைய குழாய்களை வளைவு கெடாமல் கழற்றித் தரையில் பரப்பினார். அவையே அவருக்கு வரைபடம். ஒரு நூற்கயிற்றை வளைவுகளோடு ஒட்டிப் பிடித்து நீளம் கணக்கிட்டார். புதியது மேற்பூச்சுள்ள எஃகுக் குழாய், 3/16 அங்குலம். ரம்பம் போடாமல் உருளை வெட்டியால் அறுத்து, பிசிறு நீக்கி, உள்ளே காற்றை ஊதிச் சுத்தம் செய்தார். பள்ளமுள்ள சிறு கப்பியைச் சுற்றி மெதுவாக வளைத்தார். வெறுங்கையால் ஒடித்து மடக்கினால் குழாய் நசுங்கிவிடும். நசுங்கியதை நிமிர்த்திப் பயன்படுத்தலாகாது.

நுட்பமெல்லாம் வாய் விரிப்பதில்தான். குழாய் வாயை ஒருமுறை விரித்து, மீண்டும் உட்புறமாக மடித்து இரட்டையாக்க வேண்டும். ஒற்றையாக விட்டால் விளிம்பு பிளக்கும். பழைய முனை எந்த வடிவமோ அதே வடிவம் புதியதற்கும் வேண்டும். விரிக்குமுன் நட்டைக் குழாயில் கோத்துக்கொள்ள வேண்டும். நம் மிஸ்திரியே ஒருமுறை மறந்து, தம்மைத் தாமே வங்காளியில் திட்டிக்கொண்டு, முனையை வெட்டி மறுபடி தொடங்கினார்!

ரப்பர்க் குழாய்களையும் புதிதாக மாட்டினார். எண்ணெய்க்கு முத்திரை உடையாத டப்பா. திறந்து வைத்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து, சூட்டில் ஆவிக்குமிழி விடும். வண்டியின் வர்ணத்தின்மேல் சிந்தினால் அதுவும் போயிற்று. பிறகு மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் காற்று எடுத்தார்கள்.

கடைசியில் அன்பர் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்க, மிஸ்திரி ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த துணியால் ஒற்றிப் பார்த்தார். இடது முன் சக்கரத்தருகே துணியில் ஈரம். முறுக்கி இறுக்கியும் நிற்கவில்லை. அந்தக் குழாயை மட்டும் கழற்றி, வாயை மீண்டும் விரித்துப் பூட்ட மாலையாகிவிட்டது. பேரன் அதுவரை வண்டிக்குள் ஏறக்கூடாதென்று பாட்டியம்மாள் திண்ணையிலேயே உட்கார வைத்திருந்தார்.