சிங்கிள் பெட்ரூம் ஃப்ளாட்டில் பேகன் ஆக முடியுமா?

சமீபத்தில் அதிகமா வந்த கேள்வி இது: "விக்கா, பேகன், மேஜிக் எல்லாம் இன்ஸ்டாவில் பார்க்கிறேன். காடு, மலை எதுவும் இல்லாமல் ஒரு சின்ன ஃப்ளாட்டில் இருந்துகிட்டு இதைச் செய்ய முடியுமா?" தினமும் கும்மிடிப்பூண்டி லோக்கலில் வேலைக்குப் போய் வர்ற ஆளா சொல்றேன், முடியும். ஆனா முதல்ல அந்தச் சொல்லைப் பார்ப்போம்.

'பகானுஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குக் கிராமத்தான் என்று அர்த்தம். ரோமில் கிறிஸ்தவம் பரவியபோது, பழைய தெய்வங்களைக் கும்பிட்டவர்களுக்கு அந்தப் பேர் வந்தது. ஐரோப்பாவில் அந்த வழிபாடுகள் பெரும்பாலும் அறுந்து போச்சு. 1951-ல் பிரிட்டன் தன் பழைய சூனியச் சட்டத்தை ரத்து செய்தது. 1954-ல் ஜெரால்ட் கார்ட்னர் 'விட்ச்கிராஃப்ட் டுடே' என்ற புத்தகத்தை வெளியிட்டார். இன்றைய விக்கா பெரும்பாலும் அவர் வழியாகப் பரவியதுதான். அறுந்ததை அவங்க மறுபடி முடிச்சுப் போடுறாங்க. நம்ம பக்கம் அது அறுபடவே இல்லை.

காலண்டரை நம்ம ஊருக்கு மாத்துங்க

விக்காவில் வருஷத்துக்கு எட்டுப் பண்டிகை. அதில் நாலு, சூரியக் கணக்கு. டிசம்பர் 21 வாக்கில் லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. ஜூனில் பதினாறரை மணி நேரம். அங்கே வெளிச்சம் திரும்பி வருவது கொண்டாட வேண்டிய விஷயம்தான். கும்மிடிப்பூண்டியில் இந்த இரண்டு பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம். நமக்கு வருஷத்தைத் திருப்புவது மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பூண்டி, புழல் ஏரிகளில் சேரும் தண்ணியைத்தான் சென்னை குடிக்குது.

ஆடி மாசம் பெரியபாளையத்துக்குப் போய்ப் பாருங்க. பவானி அம்மனுக்கு வேண்டிக்கிட்டவங்க உடம்பில் வேப்பிலை கட்டிக்கிட்டு நேர்த்திக்கடன் செலுத்துவாங்க. பக்கத்திலேயே ஆரணியாறு. மரம், ஆறு, உடம்பு மூணும் ஒரே சடங்கில் இருக்கு.

மேஜிக் வேலை செய்யுமா?

ஆயுத பூஜையை எடுத்துக்குவோம். சிப்காட்டில் மெஷினை நிறுத்தி, கிரீஸ் துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, பொரிகடலை பங்கு போடுவாங்க. எங்க ஆபீஸில் லேப்டாப்புக்கும் பொட்டு உண்டு. இன்ஜினியரா என் பதில் இதுதான்: சடங்கு இரும்பை மாத்தாது, அதன் முன்னாடி நிக்கிற ஆளை மாத்தும். வருஷம் பூரா கவனிக்காமல் ஓட்டின மெஷினை ஒரு நாள் கையால் தொட்டுத் துடைக்க வைக்குது. அது சின்ன விஷயம் இல்லை.

எல்லையும் அங்கேயே இருக்கு. பிரஸ் மெஷினில் கை போகாமல் தடுக்கும் கார்டு உடைஞ்சிருந்தா, எலுமிச்சம்பழம் அந்த வேலையைச் செய்யாது. நடுரோட்டில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைச்சா பின்னாடி வர்ற பைக் வழுக்கும். யாராவது "மருந்தை நிறுத்து, பணத்தைக் கட்டு, சூனியம் எடுக்கிறேன்" என்றால் எழுந்து வந்துடுங்க.

யாருடைய சாமி இது?

மாசி மகத்துக்குத் திருவள்ளூர் உட்படப் பல மாவட்டங்களில் இருந்து இருளர் மக்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவாங்க. மணலில் ஏழு படி கட்டிக் கன்னியம்மனைக் கும்பிடுவாங்க. கல்யாணமும் அங்கேயே நடக்கும். கோபுரம் கிடையாது, கூரையும் கிடையாது. நாம் இன்ஸ்டாவில் தேடுறது கண் முன்னாடி நடக்கிற மாதிரி இருக்கும்.

ஆனா அவங்களுக்கு இது லைஃப்ஸ்டைல் கிடையாது. இதே மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமையா இருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் உண்டு. மனைப் பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அலையறவங்க இன்னமும் இருக்காங்க. சாமியை மட்டும் எடுத்துக்கிட்டு, அந்தச் சாமியைக் காப்பாத்தி வெச்சிருக்கிறவங்களை விட்டுடுறது எந்தக் கணக்கிலும் ஆன்மிகம் ஆகாது. அங்கே போனா கேமராவை உள்ளே வெச்சுட்டு, கேட்டுட்டு நில்லுங்க.

சரி, ஃப்ளாட்டில் என்ன செய்யலாம்?

குழாயைத் திறக்கும்போது அந்தத் தண்ணி எந்த ஏரியில் இருந்து வருதுன்னு தெரிஞ்சுக்குங்க. பௌர்ணமி அன்னைக்கு மொட்டை மாடியில் பத்து நிமிஷம், போன் இல்லாமல். தெருமுனை வேப்பமரத்துக்குக் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணி. புகை போடணும்னா, கலிஃபோர்னியாவில் விளையுற வெள்ளை சேஜை ஆன்லைனில் வரவழைக்க வேண்டாம். அண்ணாச்சி கடையில் சாம்பிராணி இருக்கு.

இதை ஒரு வருஷம் விடாமல் செஞ்சு பாருங்க. முதல் மழை வர்றப்போ உங்களுக்கே வித்தியாசம் தெரியும். உங்க ஏரியாவில் இருக்கிற, இல்ல ஒரு காலத்தில் இருந்த ஏரியின் பேரை வாய்ஸ் நோட்டில் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.