உங்களுக்குத் தெரியுமா? ஒரே தொகுதி, பத்து உறுப்பினர்கள்!

கனடாவின் மானிடோபா மாகாணத் தலைநகரான வினிப்பெக், 1920 முதல் 1949 வரை ஒரே சட்டமன்றத் தொகுதி. அதற்குப் பத்து உறுப்பினர்கள்!

வாக்காளருக்கு ஒரு வாக்குதான். ஆனால், வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசைப்படுத்தலாம். பதிவான வாக்குகளில் பதினொன்றில் ஒரு பங்கைத் தாண்டியவர் வென்றார். அவருக்கு மிஞ்சிய வாக்குகளும், கடைசியில் நின்றவரின் வாக்குகளும் அடுத்த விருப்பத்துக்குப் போயின. சிறு கட்சிகளுக்கும் இடம் கிடைத்த நியாயமான முறை இது.

முதல் தேர்தலே வரலாறு ஆனது. 1919-இல் ஏறத்தாழ 30,000 தொழிலாளர்கள் ஆறு வாரம் நடத்திய பொது வேலைநிறுத்தத்தின் சூடு ஆறவில்லை. வேலைநிறுத்தத் தலைவர்கள் வில்லியம் ஐவன்ஸ், ஜான் குவீன், ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் மூவரும் சிறையில் இருந்தார்கள். மக்கள் மூவரையுமே சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள்! அரச நிந்தனை வழக்கில் தானே வாதாடி விடுதலையான ஃபிரெட் டிக்சன்தான் பட்டியலில் முதலிடம். குவீன் பின்னாளில் நகர மேயராகவும் ஆனார்.

மானிடோபா சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் எடித் ராஜர்ஸும் அதே பத்துப் பேரில் ஒருவர். 1936-இல் கம்யூனிஸ்டான ஜேம்ஸ் லிட்டரிக்கையும் இத்தொகுதி அனுப்பியது.

1949-இல் நகரம் தலா நான்கு உறுப்பினர் கொண்ட மூன்று தொகுதிகளாகப் பிரிந்தது. 1958 தேர்தலில் அவையும் மறைந்து, தொகுதிக்கு ஒருவர் என்றானது.