காகம் வளர்த்த வீடு

குழந்தைப் பருவம்தான் வாழ்வின் இன்பமான காலம் என்று பலரும் சொல்லி வந்திருக்கிறார்கள். அதைத் தன்னால் ஏற்க முடியவில்லை என்று ஒரு யுவதி கமராவை நேரே பார்த்துச் சொல்லும் திரைப்படமொன்றைப் பற்றி இன்று நேயர்களுடன் பேச விரும்புகிறேன். ஸ்பானிய நெறியாளர் கார்லோஸ் சவுரா (1932 - 2023) 1975 இல் படமாக்கி, 1976 இல் வெளியிட்ட 'க்ரியா குவெர்வோஸ்' அது. அதே ஆண்டு கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பகிர்ந்துகொண்டது.

படத்தின் பெயர் ஒரு பழமொழியின் முற்பாதி. காகங்களை வளர்த்தால் அவை வளர்த்தவர் கண்ணையே கொத்தும் என்பது கருத்து. நம்மவர் 'வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது' என்பார்கள். பழமொழி காகத்தைக் குறை சொல்கிறது. சவுராவோ வளர்த்தவர்களைப் பார்க்கிறார்.

மட்ரிட் நகரில் பெரியதொரு பழைய வீடு. மூன்று சகோதரிகளில் நடுவில் உள்ளவள் அனா. ஓர் இரவு, இராணுவ அதிகாரியான தந்தையின் அறையிலிருந்து ஒரு பெண் அவசரமாக வெளியேறுவதைக் காண்கிறாள். உள்ளே தந்தை இறந்து கிடக்கிறார். அனா அழவில்லை. அங்கிருந்த பால் கிளாஸை எடுத்துச் சென்று கழுவி, மற்றக் கிளாஸ்களுடன் வைத்துவிடுகிறாள். தந்தையைக் கொன்றது தானே என்பது அவள் நம்பிக்கை. எறிந்துவிடும்படி தாய் முன்பு கொடுத்த பேணியிலிருந்த வெள்ளைத் தூளைக் கொடிய நஞ்சென்று எண்ணிப் பத்திரப்படுத்தியிருந்தாள். அது வெறும் அப்பச்சோடா!

அவள் ஏன் அப்படிச் செய்தாள்? தாய் நோயில் துடித்து இறந்ததை அவள் கதவோரம் நின்று பார்த்தவள். தாயின் துயருக்கெல்லாம் தந்தையே காரணம் என்று அந்த மனம் முடிவு செய்துவிட்டது. அதை யாரும் அவளுடன் பேசவில்லை. பெரியம்மாவோ சின்னம்மாவோ யாராயினும் ஒரு பெண் வீட்டைப் பொறுப்பேற்றால் போதுமென்று பெரியவர்கள் நினைத்தார்கள். வந்தவள் பவுலினா. கெட்டவளல்ல, கண்டிப்பானவள். இரவில் பயந்து அலறும் அனாவுக்கு, தாய் சொல்லும் கதையையே சொல்லித் தேற்ற முயல்கிறாள். பதிலுக்கு, நீ செத்துப்போ என்கிறாள் சிறுமி. இந்தக் காட்சியை நான் பல தடவை பார்த்துவிட்டேன். இன்னமும் மனம் பதறுகிறது.

வேறோரிடத்தில் சகோதரிகள் பெரியவர்களின் உடைகளை அணிந்து, பெற்றோரின் சண்டையை நடித்து விளையாடுகிறார்கள். வீட்டில் எதுவும் அவர்கள் காதில் விழாமற் போகவில்லை.

படத்தின் மிக நுட்பமான அம்சம் நடிகர் தெரிவு. இறந்த தாயாகவும், இருபது ஆண்டுகளின் பின் பேசும் அனாவாகவும் வருபவர் ஜெரால்டின் சப்ளின் ஒருவரே. சிறுமியைக் காட்டும் கமரா வெட்டின்றி நகர்ந்து, வளர்ந்த அனாவிடம் போய் நிற்கிறது. தாயின் முகத்தோடேயே மகள் வளர்ந்திருக்கிறாள். அவள் வாழ்வில் பின்னர் என்ன நடந்தது என்று படம் சொல்வதில்லை. அந்தப் பழைய அச்சத்தை இன்னும் விளக்க முயன்று கொண்டிருக்கிறாள் என்பது மட்டுமே தெரிகிறது. பால்யத்தின் காயம் இளமையில் என்னவாகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

1975 நவம்பரில் பிராங்கோ இறந்தார். ஆகவே இறந்த இராணுவத் தந்தையைச் சர்வாதிகாரத்தின் குறியீடாக விமர்சகர் பலர் விளக்கியுள்ளனர். அது பிழையல்ல. ஆனால் அனா முதலில் ஒரு பிள்ளை, அப்புறந்தான் குறியீடு. சிறுமியாக நடித்த அனா டொரென்டின் அகன்ற கண்களைப் பார்ப்பவர்களுக்கு அது விளங்கும். வளர்ந்த அனாவின் விளக்கவுரைகள் ஓரிரு இடங்களில் மிகை என்பது என் எண்ணம். அந்தக் கண்களே போதுமாயிருந்தன.

இறுதியில் பவுலினாவின் பாலிலும் தூள் கலக்கப்படுகிறது. மறுநாட் காலை, பாடசாலைக்கு நேரமாகிறதென்று பிள்ளைகளை எழுப்ப வருபவள் பவுலினாதான். அனா அவளைப் பார்க்கிறாள். ஒன்றும் சொல்லாமல் எழுந்து சீருடையை அணிகிறாள்.