பின்னல் அழகாகட்டும், பிள்ளை நோகாதிருக்கட்டும்

வாணி விழா, தைப்பொங்கல், பிறந்தநாள், உறவினர் வீட்டுத் திருமணம் என்று ஏதாவது வந்துவிட்டால், வீட்டிலுள்ள சிறுமிக்கு என்ன உடை என்பதற்கு அடுத்தபடியாக, தலையை எப்படி இழுத்து விடுவது என்ற யோசனை தாய்மாருக்கு வந்துவிடும். நாள்தோறும் இரட்டைப் பின்னலோடு பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கு அன்றாவது வேறு விதமாகப் பின்னிவிட ஆசைப்படுவது இயல்பே. ஆனால் அழகான பின்னலுடன், தலைவலியால் முகம் சுருங்கிய சிறுமிகளையும் பல வைபவங்களில் காணக்கூடியதாக உள்ளது.

"அழகு வேண்டுமென்றால் கொஞ்சம் நோகத்தான் செய்யும், பொறு பிள்ளை" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இது நல்ல பாடமா? "நோகுது அம்மா" என்று அவள் சொல்வதற்குச் சொந்த வீட்டிலேயே மதிப்பில்லை என்றால், வெளியில் யாராவது அவளை நோகச் செய்யும்போது எப்படி வாய் திறந்து சொல்வாள்?

இறுக்கிப் பின்னுவதால் உடலுக்கும் கேடு உண்டு. வேர் இழுபட்டு, நெற்றியோரத்திலும் காதோரத்திலும் சிறு பருக்கள் தோன்றலாம், மயிர் உதிரலாம். ஆரம்பத்திலேயே தளர்த்திவிட்டால் மீண்டும் வளரும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் அவ்விடம் நிரந்தரமாகவே வெறுமையாகிவிடக்கூடும்.

எனவே விசேட நாளுக்கு முதல்நாளே தலை முழுக வைத்து நன்கு உலர்த்துங்கள். ஈரமாக இருக்கும்போது இழுத்தால் மயிர் எளிதில் அறுந்துவிடும். சிக்கை நுனியிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மேல்நோக்கி எடுங்கள். நீள மயிருள்ள பிள்ளைக்கு உச்சி பிரித்து, இரு பக்கமும் சிறிது சிறிதாக மயிரைச் சேர்த்துப் பின்னி, பின்புறம் ஒரே சடையாக்கிப் பூச்சூடலாம். குட்டை மயிரென்றால், முன்புறம் இரண்டு சிறு பின்னல்கள் பின்னிக் கிளிப் குத்தினாலே போதும். வெறும் இறப்பர் பட்டி மயிரை அறுக்கும். துணி சுற்றிய பட்டி அல்லது ரிப்பன் நல்லது. நடன நிகழ்ச்சிக்கான பொய்முடியையும் குஞ்சத்தையும் கடைசி நேரத்தில் கட்டி, நிகழ்ச்சி முடிந்தவுடன் கழற்றிவிடுங்கள்.

பின்னி முடித்ததும் புருவத்தை உயர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். தோல் இழுபட்டு நொந்தால் பின்னலைத் தளர்த்த வேண்டும். இரவில் அதை அவிழ்த்துவிட்டு உறங்க வையுங்கள்.

இன்னொன்று. "அக்காவுக்கு எவ்வளவு நீளம், உனக்கு எலிவால்" என்ற பேச்சு வேண்டாம். விளையாட்டாகச் சொன்னதும் பிள்ளையின் மனதில் நெடுநாள் தங்கிவிடும்.

தலை இழுத்து விடுவது பெண்களுக்கு மட்டும் உரிய வேலையுமன்று. தாய் வெளிநாட்டில் வேலை செய்யும் வீடுகளில் அம்மம்மாவைப் போலவே தந்தையும் மூன்று புரிப் பின்னலைப் பழகிக்கொள்ளலாம். அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளை பாடசாலைக் கதை, சிநேகிதியின் சண்டை என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள்.

சீப்பை எடுக்குமுன் "இன்றைக்கு எப்படிப் பின்னட்டும்?" என்று அவளிடமே கேளுங்கள். தன் தலையைப் பற்றித் தானே தீர்மானிக்க அவள் பழகட்டும்.