விசைக்குப் பின்னால் ஓர் எண்



"கம்ப்யூட்டருக்கு ஆங்கிலம்தான் தெரியும், தோட்டத்துப் பிள்ளைக்கு அது எதற்கு?" என்று பெற்றோர் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். உண்மையில் கணினிக்கு ஆங்கிலமும் தெரியாது, தமிழும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை எண்களே. 1981-ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். கணினியைக் கொண்டு இதை விளங்கிக்கொள்வோம்.

அதன் விசைப்பலகையில் 83 விசைகள் இருந்தன. லயத்து வீடுகளுக்குக் கதவிலக்கம் இருப்பதுபோல, ஒவ்வொரு விசைக்கும் ஓர் எண் உண்டு. 'ஏ' என்னும் ஆங்கில எழுத்து விசையின் எண் 30. அதை அழுத்தியதும் 30 என்ற எண் கணினிக்குச் செல்லும். விரலை எடுத்ததும் அதனுடன் 128 சேர்ந்து 158 என்று செல்லும். விசை அழுத்தப்பட்டதா, விடப்பட்டதா என்பதைக் கணினி இப்படித்தான் அறிகிறது.

ஆனால் 30 என்பது விசையின் எண்தான். எழுத்தின் எண் அன்று. பெரிய 'ஏ'வுக்கு 65, சின்ன 'ஏ'வுக்கு 97 என்று ஆஸ்கி எனப்படும் அட்டவணை கூறுகிறது. ஷிப்ட் விசையும் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, கணினி தக்க எண்ணைத் தேர்ந்தெடுக்கும். பிறகு எழுத்தின் எண்ணையும் விசையின் எண்ணையும் சேர்த்து ஒரு வரிசையில் நிறுத்தி வைக்கும். அந்த வரிசையில் 15 விசைகளுக்கே இடம். நிறைந்துவிட்டால் 'பீப்' என்று ஒலித்து, அடுத்ததை ஏற்க மறுக்கும்.

இனி நாம் எழுதும் நிரலுக்கு வருவோம். பேசிக் மொழியில் வரிசையில் நிற்பதை எடுத்துத் தர ஒரு கட்டளை உண்டு. எழுத்து விசையானால் எழுத்தின் எண் மட்டும் கிடைக்கும். மேல் நோக்கிய அம்பு விசைக்கு எழுத்தே இல்லையே! அதற்கு முதலில் 0 வரும்; அதன் பின்னால் 72 என்ற விசை எண் வரும்.

இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழுகிறார்கள். "72 வந்தால் திரையில் உள்ள புள்ளியை மேலே நகர்த்து" என்று எழுதிவிடுகிறார்கள். ஆஸ்கி அட்டவணையில் பெரிய 'எச்' எழுத்துக்கும் எண் 72தான்! 'எச்'சைத் தட்டினாலும் புள்ளி மேலே தாவும்.

ஒரு தோட்டத்தில் இரண்டு டிவிஷன்கள். இரண்டிலும் 72-ஆம் எண் தொழிலாளி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த டிவிஷன் என்று கேளாமல் கிராணி பேர் போட்டால், ஒருவருடைய கூலி மற்றவருக்குப் போய்விடும் அல்லவா? அதுபோல, முதலில் 0 வந்ததா என்று நிரல் கேட்க வேண்டும். வந்திருந்தால் அடுத்து நிற்பது விசையின் எண். வராவிட்டால் கையில் இருப்பது எழுத்தின் எண். இந்த ஒரு கேள்வியில் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்த எண்களை வகுத்தவர்கள் மனிதர்களே. 1963-இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கியில் இருந்தவை 128 இடங்கள். தமிழுக்கு அதில் இடமில்லை. 1991-இல் வந்த யூனிக்கோடு தமிழுக்கும் எண்களைத் தந்தது. அதில் நம் 'அ'வின் எண் 2949.

கணினிக்கு 65-உம் ஒன்றுதான், 2949-உம் ஒன்றுதான். ஆகவே, மொழியைக் காட்டி நம் பிள்ளைகளை அதனிடமிருந்து விலக்கி வைக்க வேண்டாம். எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு முதல் பாடம் ஏற்கெனவே முடிந்துவிட்டது.