கார் ஏசி-யில் கூலிங் குறைஞ்சிடுச்சா? கேஸ் நிரப்பும் முன் இதையெல்லாம் பாருங்க!

கத்திரி வெயில் தொடங்கியதும் ஏசி மெக்கானிக் கடைகளில் அதிகம் கேட்கும் வசனம் இதுதான்: “கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபில் பண்ணிடலாம்.” நாமும் தலையாட்டிவிடுகிறோம். அடுத்த கோடையில் அதே கடை, அதே வசனம்.

ஏசி கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வரும். ஹோஸ், சீல் வழியாகப் பல வருடங்களில் கொஞ்சம் கசிவது இயல்பு. ஆனால் வருஷா வருஷம் குறையுதுன்னா, எங்கேயோ லீக் இருக்குன்னு அர்த்தம்.

அதனால் முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். காற்றே கம்மியா வருதா? இல்ல, காற்று நல்லா வருது, ஆனா சில்லுனு இல்லையா? ரெண்டும் வேற வேற பிரச்சினை.

காற்றே வரவில்லை என்றால் முதல் சந்தேகம் கேபின் ஃபில்டர் மீதுதான். பெரும்பாலான கார்களில் இது டேஷ்போர்டின் இடதுபக்கப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். தூசி அடைத்திருந்தால் நாமே மாற்றிவிடலாம். கிளம்பும்போது நல்லா இருந்து, அரை மணி நேரத்தில் காற்று குறைந்து, ஏசியைக் கொஞ்ச நேரம் அணைத்துப் போட்டால் மறுபடி சரியாகிறதா? உள்ளே எவாப்பரேட்டரில் ஐஸ் கட்டுகிறது.

காற்று வந்தும் குளிரவில்லையா? இங்கேதான் கவனம் தேவை. ஹைவேயில் ஜில்லுனு இருக்கு, சிக்னலில் நின்றால் வெதுவெதுன்னு ஆகுது என்றால், பெரும்பாலும் கேஸ் மேல் குற்றமில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்குப் போதிய காற்று கிடைக்கவில்லை. ஓடும்போது எதிர்காற்று காப்பாற்றிவிடும். நின்றால் ஃபேன்தான் கதி. இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்து அந்த ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள் (கையை மட்டும் கிட்ட கொண்டுபோகாதீங்க). பல கார்களில் ரேடியேட்டருக்கும் அதே ஃபேன்தான். அதைக் கவனிக்காமல் விட்டால் இன்ஜினே சூடாகி நடுரோட்டில் நின்றுவிடலாம். ஃபேன் சரியாக இருந்தால், கண்டென்சரில் சேறும் பூச்சியும் அப்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த வேகத்தில் போனாலும் குளிரவில்லை என்றால் கேஸ், கம்ப்ரசர் பக்கம் திரும்பலாம். குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அங்கேதான் லீக். கேஸோடு சேர்ந்து கம்ப்ரசருக்கான ஆயிலும் வெளியேறுகிறது. லீக்கை அடைக்காமல் நிரப்பிக்கொண்டே போனால் கடைசியில் அடிவாங்குவது கம்ப்ரசர்தான். செலவும் பல மடங்கு. காருக்கு அடியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது காற்றிலிருந்த ஈரப்பதம்.

மெக்கானிக் பிரஷர் கேஜ் மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ரெண்டு முள்ளும் குறைவாகக் காட்டினால் கேஸ் கம்மியாக இருக்க வாய்ப்பு அதிகம். ரெண்டும் அதிகமென்றால் கண்டென்சர் சூடு, அல்லது கேஸ் ஓவர். ஆமாம், அளவுக்கு மேல் கேஸ் போட்டாலும் கூலிங் குறையும்!

லீக்கைச் சரிசெய்து, வேக்வம் போட்டு, பிறகுதான் கேஸ் ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்பது பானெட்டுக்கு அடியிலுள்ள ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ இருக்கும். வெளியே எடுத்தது எத்தனை கிராம், உள்ளே போட்டது எத்தனை கிராம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.